நான் அடித்துவிட்ட வரி

சபையாரே, சென்ற ஜூலையில் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த, தண்டவாள வேலை பார்த்த கேங்மேன் ஆசீர்வாதம்தான் என் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் என் கைக்கே வந்தது. அப்பா நாளுக்கு நாள் இளைத்தார். எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை.

கீமோ முடிந்ததும் டாக்டர் அறுவைக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்தால் வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்தால் காயம் பெரிது, தேற நாளாகும்.

"எப்படிச் செஞ்சாலும் கட்டிய முழுசா எடுக்கறதுதான் முக்கியம். துளை வழியா ஆரம்பிப்போம். முடியலன்னா திறப்போம்" என்றார்.

நான் துளை வழி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதற்காகவே ஜெபிக்கச் சொன்னேன். நீங்களும் ஜெபித்தீர்கள்.

அறுவைக்கு முந்தின நாள் சம்மதப் படிவம் வந்தது. 'தேவைப்பட்டால் திறந்த அறுவைக்கு மாற்றலாம்' என்று அதில் ஒரு வரி. அதற்குச் சம்மதித்தால் விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்லாமலே அந்த வரியை அடித்துவிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

நர்ஸ் படிவத்தோடு திரும்பி வந்தார். இப்படி அடித்தால் ஆபரேஷனே நடக்காது என்று தெலுங்கில் கத்தினார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"ஏன்டா, எங்க கத்தி வைக்கணும்னு ஆண்டவருக்கே பாடம் எடுக்கறியா? வெட்டப்போறது என் வயித்த, உன் வயித்த இல்ல. இந்த வேலையெல்லாம் நக்கோ, வேணவே வேணாம். போ, வேற ஃபாரம் வாங்கிட்டு வா."

வராண்டாவில் நின்று அழுதேன். "ஆண்டவரே, எப்படியானாலும் சரி, அப்பாவைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன். பிறகு புதுப் படிவத்தை வரிவரியாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் துளை வழியாகத்தான் தொடங்கினார்கள். கட்டி கணையத்தோடு ஒட்டியிருந்தது. ஆகவே திறந்துவிட்டார்கள். ஆறு மணி நேரம். கட்டி முழுதாக வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது.

சுலபமாகத் தேறவில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு துடிப்பார். இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். இன்னும் ஸ்கேன் உண்டு. எனக்குப் பயமும் உண்டு.

நான் முதலில் கேட்டது கிடைக்கவில்லை. வராண்டாவில் கேட்டது கிடைத்தது. கர்த்தருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வந்தால், டாக்டரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். படுத்திருப்பவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். கர்த்தரிடம் ஆளைத் தரும்படி மட்டும் கேளுங்கள். எப்படி என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.