பாதியில் நிறுத்திய வசனம்

இழவு வீடுகளுக்கு ஐஸ்பெட்டி கொண்டுபோய் வைப்பது என் வேலை. படிப்பு ஒன்பதாவதோடு சரி. வாய் மட்டும் நிற்காது. கூட வேலை பார்க்கும் கூட்டாளி கிறிஸ்தவன். அவனைக் கேலி செய்தே எனக்குப் பொழுது போகும்.

போன வருடம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீடு. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட இளைஞன். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பந்தலுக்குப் பின்னால் நின்று டீ குடித்தோம். “இப்படிச் செத்தவன் நேரா நரகந்தான்” என்று யாரோ பேசிக்கொண்டே போனார்கள்.

நான் கூட்டாளியைச் சீண்டினேன். “ஏன் மாப்ள, ஒங்க சாமியே செத்ததும் பாதாளத்துக்குப் போனாருன்னு வாராவாரம் சர்ச்சுல சொல்றீங்கள்ல? அங்க என்ன, மாமியா வீடா?”

“வாய மூடுறா. அங்க கெடக்குறவங்களுக்குப் பிரசங்கம் பண்ணப் போனாரு. பைபிள்லயே இருக்கு.”

“அப்ப ரிட்டர்ன் பஸ் உண்டுன்னு சொல்லு!”

சிரித்துக்கொண்டே திரும்பினேன். செத்தவனின் அப்பா நின்றிருந்தார். ஓங்கி அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“தம்பி, திரும்பி வரலாம்னு சொன்னியே. அது எங்க இருக்கு?”

கையிலிருந்த பைபிளை நீட்டினார். கூட்டாளி அதில் பேதுரு எழுதிய நிருபம் என்ற கடிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்தான். “நீதான பேசுன, நீயே வாசி.”

எழுத்துக் கூட்டி வாசித்தேன். காவலில் இருந்த ஆவிகளிடம் கிறிஸ்து போய்ப் பிரசங்கித்தார் என்று இருந்தது. நரகம் என்ற சொல்லே அங்கே இல்லை. வாய்க்கு முன்னால் கண் அடுத்த வரியைப் பார்த்துவிட்டது: அந்த ஆவிகள் நோவா காலத்தில் கீழ்ப்படியாதவர்கள். சட்டென்று நிறுத்தினேன்.

“அம்புட்டுத்தாங்கய்யா.”

“நோவா காலத்து ஆளுகன்னு அடுத்து வருமே தம்பி.”

பைபிளை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“காலையிலருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். வேற எங்கயாச்சும் எல்லாருக்கும்னு இருக்கோன்னுதான் ஒங்கிட்ட கேட்டேன்.”

கூட்டாளி தயங்கித் தயங்கிச் சொன்னான். “அடுத்த அதிகாரத்துல, செத்தவங்களுக்கும் நற்செய்தி சொல்லப்பட்டுச்சுன்னு இருக்குங்கய்யா. எந்தச் செத்தவங்கன்னு போடல.”

“போடலயா?”

“போடலங்கய்யா.”

“வாசி தம்பி.”

இந்த முறை ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன். “இன்னொரு தடவ” என்றார். மறுபடியும் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் உள்ளே போய், பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்த மனைவியின் காதருகே குனிந்தார். அந்த அம்மா தலையைத் தூக்கி, “யாரு சொன்னா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் என்னைக் காட்டினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டது. பதிலுக்குக் கும்பிடக்கூட என் கை எழவில்லை.