மூன்று விரலுக்கு ஒரு சாக்ஸ்

எங்கள் பக்கத்தில் காடு கழனி பார்க்கும் ஆண்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சாக்ஸ் போடுவார்கள். அதுவும் அவர்களுக்கே தெரியாமல். எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களில் யாராவது இறந்துவிட்டால், சவப்பெட்டி செய்கிறவர் பெட்டியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலமும் கொடுத்து அனுப்புவார். அதில் வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, வெள்ளை நைலான் சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கும். காலமெல்லாம் வெறுங்காலோடு மண்ணை மிதித்துத் திரிந்த மனுசனை, மண்ணுக்குள் அனுப்பும்போது மட்டும் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகஸ்தரைப் போல ஆக்கி அனுப்புவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் டாக்டர் சாக்ஸ் போடச் சொன்னபோது அப்பா என்ன சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் வரை பேசாமல் வந்தவர், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "சாக்ஸ் வந்துருச்சு. பொட்டிக்கும் சொல்லி வெச்சிரு."

அம்மாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலில், முக்கியமாக வலது காலில், உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாந்தோப்பில் வேலிமுள் ஏறியதுகூடத் தெரியாமல் நடந்து, புண்ணாகி, கடைசியில் வலது காலின் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. இனி இந்தக் காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்துச் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். அதற்குள் பருத்தி சாக்ஸ் போட வேண்டும். மேலே எலாஸ்டிக் இறுக்கக் கூடாது, உள்ளே தையல் உறுத்தக் கூடாது, ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும்படி வெளிர் நிறமாக இருக்க வேண்டும்.

தர்மபுரி டவுனில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சாக்ஸ், இல்லையென்றால் ஷூ போட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான சாக்ஸ். கணுக்காலை ரப்பர் பேண்ட் மாதிரி கவ்வின. நாலாவது கடையில் பொறுமை போய், "மனுசன் கால்ல போடற மாதிரி ஒண்ணுமே இல்லியாங்க?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு இந்த வாய் அம்மாவிடமிருந்து வந்தது.

அப்போதுதான் நானே பின்னினால் என்ன என்று தோன்றியது. சிறு வயதில் கான்வென்ட் விடுதியில் படித்தபோது தையல் வகுப்பில் சிஸ்டர் ஒருவர் எங்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்போது நான் முடித்தது குழந்தைக்கான ஒரே ஒரு சாக்ஸ். இன்னொன்றைப் பின்னுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான பிறகு மறுபடி ஊசியைக் கையில் எடுத்தேன். இரண்டு முனையும் கூரான ஊசிகளையும் சந்தன நிறப் பருத்தி நூலையும் ஆன்லைனில் வரவழைத்தேன். வெள்ளை வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். வெள்ளையைக் கண்டால் அப்பா பெட்டியை நினைப்பார். நானும்தான் நினைப்பேன்.

சாக்ஸ் என்பது குழாய் இல்லை. குதிகாலில் பின்னல் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் பிடிபடும் வரை யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று முதலில் நினைத்தேன். மூன்று தடவை பிரித்த பிறகு அந்த நினைப்பு தானாகப் போய்விட்டது.

அளவெடுக்க ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். எங்கள் வீடு அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நாலு வழிச் சாலையிலிருந்து பிரியும் மண் பாதையில் இருக்கிறது. தரையில் செய்தித்தாளை விரித்து, "இதுமேல நில்லுங்கப்பா, காலைச் சுத்தி வரைஞ்சுக்கறேன்" என்றேன். அப்பா இடது காலை எடுத்து வைத்தார். பேனாவால் சுற்றி வரைந்தேன். சிரிப்பு வந்தது அவருக்கு. "கூச்சமா கீதும்மா" என்றார். முடிந்ததும் வலது காலுக்காகக் காத்திருந்தேன். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே அளவுதான். போ, போய் வேலயப் பாரு."

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் காலை அம்மாவைத் தவிர யாருக்கும் அவர் காட்டவில்லை. உட்காரும்போதெல்லாம் அது வேட்டிக்குள் போய்விடும். அந்த வருடப் பெரிய வியாழனுக்கு, இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக எங்கள் மாதா கோயிலில் பாதம் கழுவ, பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லி கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வந்து கேட்டபோதும், இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடுப்பில்லை, கால்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வற்புறுத்த மனம் வரவில்லை. இடது கால் அளவிலேயே இரண்டையும் பின்னினேன்.

சாக்ஸ் பார்க்க அழகாக இருந்தது. பள்ளியில் டீச்சர்களிடமெல்லாம் காட்டினேன். அப்பாவும் மறுப்பு சொல்லாமல், உள்ளறைக்குப் போய் அம்மாவை மாட்டிவிடச் சொல்லிப் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பூரித்துப்போய் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள். "சாக்ஸ்ல என்னமோ செவப்பா இருக்குது. நீ வா."

வலது சாக்ஸில் இல்லாத இரண்டு விரல்களுக்கான இடம் சும்மா தொங்கியிருக்கிறது. நடக்கும்போது தட்டுகிறது என்று அம்மா அதை மடித்துப் பாதத்துக்கு அடியில் சொருகிவிட்டிருக்கிறாள். அந்த மடிப்பின்மேல் அப்பா தோப்பு முழுக்க நடந்திருக்கிறார். வலித்தால்தானே நிற்பதற்கு? டாக்டர் திரைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, மேல்தோலோடு போயிற்று, மருந்து கட்டினால் ஆறிவிடும் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றும் சொன்னார். நான் அவ்வளவு ஆசையாகப் பின்னிய சாக்ஸ் அப்பாவின் காலைத் தின்னப் பார்த்திருக்கிறது.

புண் ஆறியபின், இடது கால் வரைந்திருந்த அதே செய்தித்தாளோடு மறுபடி போய் நின்றேன். அப்பா அசையவில்லை. "சாக்ஸே வேணாம் வுடு. மண்ணு மிதிச்ச காலு, அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார்.

"அந்தக் காலுக்கு மண்ணு தெரியுதாப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. துவைத்துக் காயவைத்திருந்த அந்த வலது சாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நுனி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். பின்னல் என்பது ஒரே நூல்தான். ஒரு கண்ணி விட்டால் அடுத்தது தானாக விடும். சர்ரென்று வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. விரல் பக்கம் போயிற்று. பாதம் பாதியளவு போயிற்று. நூல் என் மடியில் சுருள் சுருளாக விழுந்தது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஏம்மா, ஏம்மா! போட்ட வெள்ளாமைய யாராச்சும் இப்பிடி அழிப்பாங்களா?"

"அளவு தெரியாம போட்டது வெள்ளாமையே இல்லப்பா."

நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். குதிகால் வந்தது. அந்தக் குதிகாலுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணில் நீர் முட்டியது. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு குனிந்து, தரையில் சிக்கலாகிக்கொண்டிருந்த நூலின் முனையை எடுத்து, கயிறு சுற்றுவது போலத் தன் உள்ளங்கையில் சுற்ற ஆரம்பித்தார்.

"குதிங்கால வுட்டுரு" என்றார். "அது சரியாத்தான் இருந்துச்சு."

நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கி, வலது காலைச் செய்தித்தாளின்மேல் வைத்தார்.

பயந்துகொண்டுதான் பார்த்தேன். பெருவிரல், அதற்கடுத்து இரண்டு, அப்புறம் வரப்பு சரிந்த மாதிரி ஓரம் உள்வாங்கிச் சரிந்திருந்தது. தழும்பு பளபளவென்று இருந்தது. மற்றபடி அது அப்பாவின் கால்தான். பித்தவெடிப்புக்குள் காலத்துக்கும் போகாத செம்மண் அப்படியே இருந்தது. இதற்காகவா இத்தனை மாதம் ஒளித்து வைத்தார் என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்துட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

"நான் பயந்துட்டேன். அதாங் காட்டல."

பேனாவால் மெதுவாகச் சுற்றி வரைந்தேன். சரிவில் வரும்போது, அவருக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்தும், வலிக்குமோ என்று கை தயங்கியது. வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஓரத்துல கொஞ்சம் பஞ்சு வெச்சு ரெண்டு விரல் மாதிரி நிரப்பிடட்டுமாப்பா? பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பா செய்தித்தாளில் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கால்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று முழுசாக, ஒன்று குறையாக.

"இல்லாத வெரலுக்கு எதுக்கும்மா வூடு கட்டற? இருக்கிற மூணுக்கு ஒழுங்காக் கட்டு."

அப்படியே கட்டினேன். சாதாரணமாகச் சாக்ஸின் நுனியை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைத்துக்கொண்டு வர வேண்டும். இதில் ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் சட்டென்றும் குறைத்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு அது. கடைச் சாக்ஸை எந்தக் காலிலும் மாட்டலாம். இதை மாட்ட உலகத்தில் ஒரே ஒரு கால்தான் உண்டு. போட்டுப் பார்த்தபோது ஓர் இடத்திலும் சுருக்கமில்லை, இழுப்பில்லை. அப்பா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா குனிந்து விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "தோலு மாதிரி உக்காந்திருக்குது" என்றாள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் காட்டுவார். "எம் பொண்ணு போட்டது. கடையில கெடைக்காது. எனக்கு மட்டுந்தான் செட்டாகும், வேணும்னா நீ போட்டுப் பாரு" என்பார். லாரி டிரைவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்மையிலேயே போட்டுப் பார்த்தார்களாம். அடுத்த பெரிய வியாழனன்று பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார். எல்லோரும் வலது காலை நீட்டினார்கள். அவரும் சாக்ஸைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு வலது காலையே நீட்டினார். நான் பெண்கள் பக்கம் முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஆறு வருடம் பின்னிக் கொடுத்தேன். ஒன்று நைந்தால் அடுத்தது தயாராக இருக்கும். சனிக்கிழமை நான் போய் இறங்கியதும் முதலில் காலைத்தான் நீட்டுவார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மாம்பூ வாசனையும் துவைத்த பருத்தி நூல் வாசனையும் சேர்ந்தேதான் வரும். காலில் மறுபடி ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

போன வருடம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் என்றார்கள். கால் நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி வந்தது. பொட்டலமும் வந்தது. மாமா ஒருவர் கையுறையை மாட்டிவிட்டு வெள்ளைச் சாக்ஸையும் மாட்டினார். வலது காலில் அந்த நைலான் நுனி ஒரு பக்கமாகத் தொங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து கழற்றினேன். "மூடப்போற பொட்டிதானம்மா, யாரு பாக்கப்போறாங்க?" என்றார் மாமா, இதமாகத்தான்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கடைசியாகப் பின்னிக் கொடுத்த ஜோடி, ஒரு தடவைகூடப் போடாதது, அவள் கையில் இருந்தது. அவர் அதை ஏன் போடாமல் வைத்திருக்கிறார் என்று நான் ஒரு சனிக்கிழமை சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"எடுத்து வெக்கச் சொன்னாரு" என்றாள் அம்மா. "அந்த வெள்ளைய எனக்குப் போட வுடாத, நம்ம பாப்பா போட்டதைப் போடுன்னாரு. உங்கிட்டச் சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல."

அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். வலது எது, இடது எது என்று விரித்துப் பார்க்கத் தேவையில்லாமல் கைக்கே தெரிந்தது. குதிகாலை முதலில் சரி செய்து, பாதத்தை இழுத்துவிட்டு, நுனியை அந்த மூன்று விரல்களின்மேல் நீவினேன். எங்கும் சுருக்கமில்லை. மாமா என் பக்கத்தில் குனிந்து, அப்பாவின் வேட்டி ஓரத்தைக் காலுக்கு மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.