பல்செட் அக்காவின் புது இன்ஜின்

ரிமோட் விமானம் விடுகிறவர்கள் கூடும் மைதானத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் ‘பல்செட் அக்கா’. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவள் தொழில். மெல்லும்போது இடறக்கூடாது, சிரிக்கும்போது தெரியக்கூடாது. அப்படி இழைத்து இழைத்துப் பழகிய விரல்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே விரல்கள் ரிமோட்டைப் பிடித்து, அவளே செய்த விமானத்தை வானத்தில் குட்டிக்கரணம் அடிக்க வைக்கும். அங்கே வருகிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் விமானத்தைத் தரையில் குத்திவிட்டுக் காற்றைத் திட்டுவார்கள். அக்கா காற்றைத் திட்டி நான் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் திட்டுவாள், முக்கியமாக என்னை.

அவள் கணவர், அதாவது என் மாமா, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். மிஷினில் மாட்டிய கை, கதவில் நசுங்கிய விரல் என்று தினமும் பார்க்கிறவர். சுத்தம் என்றால் உயிர். தண்ணீரைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். போன வருஷம் சின்ன பேட்டரி விமானத்தின் மூக்கில் சுற்றும் புரொப்பெல்லர் அக்காவின் ஆள்காட்டி விரலைக் கிழித்தபோது, அவர் வேலை செய்கிற இடத்துக்கே அவளைக் கொண்டு போனோம். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற மனுஷன் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு ஒருவர்தான் தையல் போட்டார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுற நர்ஸ், உலகத்துலயே எங்க வீட்ல மட்டும்தான்டா இருக்காரு.”

அப்படிப்பட்ட வீட்டில் அவள் பெட்ரோல் இன்ஜின் வாங்கி வந்து வைத்தால் என்ன ஆகும்? மாமா பேச்சை நிறுத்திவிட்டார். புரொப்பெல்லர் முழ நீளத்துக்கு மேல் இருந்தது. பேட்டரி விமானத்தினுடையது தோலைக் கிழித்தது, இது எலும்பைக் கேட்கும். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் ஒப்பந்தம் ஆனது.

“அது சுத்துறப்ப உன் கை பக்கத்துல போகக் கூடாது. ஒரு தடவை போனாலும் அன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும். மைதானம், விமானம், எல்லாம்.”

“போகாதுங்க. உங்க மேல சத்தியம்.”

அக்கா எதற்கும் சத்தியம் செய்கிறவள் இல்லை. செய்தால் யார் தலைகீழாக நின்றாலும் மாற மாட்டாள்.

புது இன்ஜினை எடுத்தவுடன் விமானத்தில் பூட்டிப் பறக்கவிட முடியாது. உள்ளே உரசும் பாகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். மேஜையோடு இறுக்கி, மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, புது மாப்பிள்ளையைத் தாங்குகிற மாதிரி தாங்க வேண்டும். இந்த வகைக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே நீல நிற ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், பழக்குகிறபோது இன்னும் கொஞ்சம் தாராளமாக. அது போகாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசிக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் இன்ஜினை அலமாரியில் பொம்மையாக வைக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் கனமான மேஜையைப் போட்டு நான்கு போல்ட்டால் இன்ஜினை இறுக்கினோம். நான் வேன் ஓட்டுகிறவன், ஸ்பானர் பிடிக்கத் தெரியும். மாமா முதலுதவிப் பெட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியவர் மாதிரி முகம்.

முதல் டேங்க் சொகுசாக ஓடியது. நீலப் புகை குபுகுபுவென்று வந்தது, சத்தம் கனமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் நின்று அக்கா நீளக் கம்பியால் வேகத்தை ஏற்றினாள், இறக்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. டேங்க் காலியானதும் இன்ஜின் தானாக நின்றது. மாமாவும் அப்போதுதான் மூச்சு விட்டார்.

“ஆறட்டும். டீ போடுறேன்” என்று அக்கா உள்ளே போனாள். நானும் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மாமா துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு. டீ குடித்துவிட்டு, அக்கா கலந்து வைத்திருந்த தகர கேனிலிருந்து நான் பம்பை அடித்து டேங்க்கை நிரப்பினேன். டேங்க் பஞ்சு சுற்றி மரப்பெட்டிக்குள் இருந்தது, குழாய் மஞ்சள் நிறம். உள்ளே போவது எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும்?

இன்ஜின் பிடித்தது. கொஞ்ச நேரம் பழையபடியே ஓடியது. பிறகு அக்கா தலையைச் சாய்த்தாள். பல்செட்டை அச்சில் பொருத்தித் தட்டிப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

“டேய், புகை எங்கடா?”

பார்த்தேன். புகையே இல்லை. வெள்ளைத் துணியை ஒரு குச்சி நுனியில் சுற்றி அவள் புகைக் குழாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒரு சொட்டு ஆயில் படியவில்லை. சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போனது.

“ஆயில் போகல! கேன்ல என்னடா ஊத்தினே?”

“நீ கலந்து வச்சதுதான்க்கா!”

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். “அது... அந்த பெட்ரோல் நீலமா, பிசுபிசுன்னு இருந்துச்சும்மா. பங்க்ல கலப்படம் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். கீழே கொட்டிட்டு, பைக்ல இருந்து சுத்தமான பெட்ரோல் எடுத்து ஊத்தினேன். உனக்கு உதவியா இருக்கும்னு...”

அக்கா நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டினாள். இன்ஜின் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். இந்த இன்ஜினுக்கு பேட்டரி கிடையாது, தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதை அடக்க ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு ஒயர் போகிறது. அந்த ஒயர் அதிர்வில் கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தாள். சூடேறிப்போன இன்ஜின் கேட்கவில்லை.

இனி இரண்டு வழிகள்தான். பின்னாலிருந்து பெட்ரோல் குழாயை நசுக்கலாம். கைக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மிச்ச பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் இன்னும் வறண்டு, இன்னும் வேகமாகி, உள்ளே எல்லாம் கடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் காற்று போகும் வாயை அடைக்கும் சின்ன விசையைத் தள்ளலாம். உடனே நின்றுவிடும், இன்ஜின் பிழைக்கும். ஆனால் அந்த விசை புரொப்பெல்லருக்கு அடியில், அரைச் சாண் தள்ளி இருந்தது.

அக்கா அந்த விசையைப் பார்த்தாள். கை தானாகக் கொஞ்சம் எழுந்தது. அவள் அந்தக் கையை மடக்கித் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. எத்தனை நாள் ஆசைப்பட்ட இன்ஜின் என்று எனக்குத் தெரியும்.

அப்போது மாமா மேஜைக்குப் பக்கவாட்டில் போனார். சட்டைக் கை தளர்ந்து தொங்க, தன் கையை அந்த விசையை நோக்கி நீட்டினார்.

“மாமா!”

புரொப்பெல்லர் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, வெறும் மங்கல்தான். அவருக்கு அது எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் கையை இன்னும் உள்ளே நீட்டினார்.

அக்கா அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் அவளிடம் கேட்டதில்லை. ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மறு கையால் பெட்ரோல் குழாயை மடித்து நசுக்கினாள். மாமா பின்னாலிருந்த நாற்காலியில் மோதி அதோடு சேர்ந்து விழுந்தார். இன்ஜினின் சத்தம் ஏறியது, ஏறியது, காதைத் துளைத்தது. அவள் குழாயை விடவில்லை. ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். புரொப்பெல்லர் பாதிச் சுற்றில் கட்டையாக நின்றது.

தெருவில் நாய் குரைப்பது அப்போதுதான் கேட்டது. இன்ஜினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. புரொப்பெல்லரை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“போச்சுக்கா” என்றேன்.

அவள் இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். சட்டையின் முனை மட்டும் சீவி எடுத்ததுபோல் கிழிந்திருந்தது. அதை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நான்தான் கெடுத்தேன். அதான்... நிறுத்திடலாம்னு...” மாமா இன்ஜினைப் பார்த்தார். “உன் இன்ஜின் போயிடுச்சேம்மா.”

“இன்ஜின் நாசமாப் போகட்டும்!” என்று கத்தினாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. “இப்படியாங்க இருக்கும்? என் கை பக்கத்துல போறப்பல்லாம், உங்களுக்கு இப்படியா இருக்கும்?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்” என்றார்.

அக்கா அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். யாரும் அதில் உட்காரவில்லை.