தட்டில் வந்த சுண்ணாம்பு

கசாமா டாக்டர் தட்டை மூடியிருந்த துணியை எடுக்கப் போனார். ஹிசாவோ அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க, டாக்டர்."

ஆபரேஷனில் எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது வழக்கம்தான். இதய வால்வு முழுசாகத் தட்டில் வந்தால், ஹிசாவோவின் மனைவி ஃபுமியேவுக்கு உலோக வால்வு வைத்தாயிற்று என்று அர்த்தம். தூளாக வந்தால், படிந்து இறுகிய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு அவளுடைய வால்வையே தைத்துச் சரிசெய்துவிட்டார்கள் என்று. நெஞ்சைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஃபுமியே ஒசாகாவில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். கிழவிகள் ஏறி உட்காரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். பிறந்த ஊர் நத்தோவுக்குப் பேர்போன மித்தோ என்பதால் காலையில் அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. நூல் நூலாக இழுபடும் அந்தப் புளித்த சோயாவின் வாடை ஒசாகாக்காரரான ஹிசாவோவுக்கு ஆகாது. கல்யாணமான புதிதிலேயே அவளைக் கிண்ணத்தோடு பால்கனிக்குத் துரத்திவிட்டார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தால், உள்ளே ஒரு மனுஷனின் வாடை தாங்கவில்லை என்பாள்.

உலோக வால்வு என்றால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரைக்கும் நத்தோவுக்கும் ஆகாது. டாக்டர் இதைச் சொன்னதும் அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இப்படிச் சொல்ல டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். உயிர் போகிற நேரத்தில் சோயாவுக்கா கவலை என்று வீட்டுக்கு வந்து ஹிசாவோ கேட்டார்.

"சாவு ஒருதரம் வந்துட்டுப் போயிடும். காலைச் சாப்பாடு தினமும் இருக்குல்ல?"

அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அவர் ஒரு டப்பா நத்தோ வாங்கிவந்து, மேஜையில் உட்கார்ந்து பாதி தின்று பார்த்தார். பிடிக்கவில்லை. மீதியையும் தின்றார்.

இப்போது டாக்டரின் மணிக்கட்டை விட்டார். துணி விலகியது. உடைந்த சிப்பி ஓடு போல மஞ்சளும் வெள்ளையுமாகத் துணுக்குகள். பெரியது அரிசி அளவு இருந்தது.

"முழுசா எதுவும் இல்லையே?"

"இல்ல. அவங்க வால்வு அவங்ககிட்டயே இருக்கு. மாத்திரை மூணு மாசம்தான். அப்புறம் நத்தோ சாப்பிடலாம்."

ஹிசாவோ எழுந்து குனிந்து வணங்கினார். நிமிர நேரமாயிற்று.

"இனிமே உள்ள உக்காந்தே சாப்பிடட்டும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் காலை மூச்சுக்குழாயை எடுத்தார்கள். ஹிசாவோவைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். ஃபுமியே தண்ணீர் கேட்டாள். நர்ஸ் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். அவருடைய சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபுமியே தூங்கிப்போனாள். அவர் ரயிலேறி வீட்டுக்குப் போனார். துணி துவைத்தார். நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.