முன்வரிசைக்கு முப்பது ரூபாய்

பொருளைக் குளிப்பாட்டி முடித்ததும் யசோதரா அதைப் பச்சைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்க்கிறாள். இன்றைக்கு ஒரு மர நாற்காலி. போன வாரம் ஒரு தையல் மிஷின். எதுவானாலும் சோப்புத் தண்ணீர், பழைய பனியன் துணி, கடைசியில் விரல்நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். துடைக்கும்போது அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள். "கால் ஆடுதுன்னு நானே எழுதிப் போடத்தான் போறேன். அதுக்குன்னு ஃபோட்டோ புடிக்கிறப்போ ஆடிக்கினு நிக்காத."

நாற்காலி ஆடாமல் நிற்கிறது. அவளிடம் மனிதர்களே எதிர்த்துப் பேசுவது குறைவு.

கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எதிரே, தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவளுடையது. முன்னறையில் புத்தர் படம். படத்துக்குக் கீழே ஆள் வருவதற்காகக் காத்திருக்கும் மூன்று மிக்ஸி, ஒரு கிட்டார், பித்தளைக் குடம், யாருடைய கல்யாணத்துக்கோ வந்து அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத சுவர்க்கடிகாரம். ஆசையைத் துறக்கச் சொன்னவருக்கு அந்த அறை பொருத்தமான இடம்தான். அக்கம்பக்கத்தார் துறந்ததெல்லாம் அவர் காலடியில்தான் வந்து சேர்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டியவள். இருபது வருடம்போல விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய், கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்ததில் முட்டி இரண்டும் கெட்டுப்போயின. "இனிமே அந்த வண்டியில கால் வெச்சேன்னா என் பேரை மாத்திக்கோ" என்று கணவன் தேவாவிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டாள். தேவா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. அவருடைய ஆட்டோ சம்பாதிப்பதில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். பேர் மாற்றாமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு வருமானம் வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் பழைய பொருள் விற்கிற ஆப் ஒன்று அவள் போனுக்குள் வந்து உட்கார்ந்தது.

வந்த புதிதில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆப் அவளுக்கு எப்போதுமே 'அவன்'தான். படம் போடு, விற்றுக்கொள், முழுப்பணமும் உனக்கு என்றான். ஊரில் பழைய பொருளுக்கா பஞ்சம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். விற்றுக் கொடுத்து, தனக்கென்று ஒரு சிறிய பங்கை எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவன் விற்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து என்றான். அது பழகியதும், பணம் கைமாறுவதற்குத் தனியாக ஒன்று. அதுவும் பழகியதும், பொருளைப் பட்டியலின் மேலே காட்ட வேண்டுமானால் அதற்கொன்று. காசு கட்டாத பொருள் நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் யார் கண்ணிலும் படாமல் போகும். இதைப் புரிந்துகொள்ள யசோதராவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா கேஜ் என்கிற லிஃப்டில் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கி வேலை பார்த்தவர். "உன் கட்டில் அம்பதாவது லெவல்ல கீது. துட்டு போட்டாத்தான் கேஜ் மேல வரும்" என்று பொருள் கொடுத்தவர்களுக்கு விளக்குவாள். பிறகு, "ஆப்புன்னு பேர் வெச்சிருக்கான் பாரு. சொல்லிட்டுத்தான் வெக்கிறான்" என்பாள்.

கட்டணத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி, வாங்குகிறவர் ஆப்பை விட்டுவிட்டு நேரே அவளைக் கூப்பிடுவது. ஆனால் அங்கே போன் நம்பர் எழுதக் கூடாது. எழுதினால் மெஷின் கண்டுபிடித்து அழித்துவிடும். யசோதரா அதைத் தமிழில் எழுதினாள். ஒரு சாப்பாட்டு மேசைக்கு அவள் எழுதிய விவரம் இப்படி ஆரம்பித்தது: 'ஒன்பது வருசம் பழசு, எட்டு பேர் உக்காரலாம், நாலு காலும் கெட்டி, ஆறு நாற்காலி சேர்த்து.' இப்படியே பத்து எண்ணும் வரிசையாக வந்துவிடும். கீழே, 'விவரத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் கூப்பிடவும்' என்று ஒரு வரி. தமிழ் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். "அவனுக்கு இங்கிலீஷ் வரும், கன்னடம் வரும். நம்ம பாஷை மட்டும் வராது" என்று பல மாதம் பெருமையாகத் திரிந்தாள்.

பிறகு அவன் தமிழ் கற்றுக்கொண்டான்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஐடாதான் ஆப்பிலிருந்து வந்த செய்தியைப் படித்துச் சொன்னார். எழுபதைத் தாண்டிய ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. கணவர் ஹரோல்ட் இறந்த பிறகு, பெரிய பங்களாவின் சாமான்களோடு சிறிய வாடகை வீட்டில் நெருக்கியடித்து இருப்பவர். அந்தச் சாப்பாட்டு மேசையும் அவருடையதுதான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆங்கிலத்தைத் தமிழாக்கி மெதுவாகப் படித்தார். "உங்க அக்கவுன்ட்ட சில மாசத்துக்கு பிளாக் பண்ணிட்டோம். எங்கள நம்பி நெறைய பேர் வர்றாங்க. அவங்க நல்லதுக்குத்தான் இந்த முடிவு."

"அவங்க நல்லதுக்காம்" என்றாள் யசோதரா. "எங்கியோ ஏசியில உக்காந்துக்கினு, இங்க கோரமண்டல்ல எவன் நல்லதுக்கு இவன் முடிவு எடுக்கிறான்?"

வீட்டில் பொருள் நிறைந்து, புத்தர் படத்தை மறைத்துக்கொண்டு ஒரு பீரோ நின்றது. போனில் கார்மென்ட்ஸ் மேஸ்திரியின் பழைய நம்பரைத் தேடி எடுத்து, கூப்பிடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தேவாவை அழைத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் ரோட்டோரம் கிடந்த காலியிடத்தில் முட்செடிகளை வெட்டச் சொன்னாள். சுரங்கக் கம்பெனியின் இடம். சுரங்கம் மூடியதிலிருந்து அங்கே மாடு மட்டும்தான் மேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பழைய பொருள் சந்தை என்று லைன் முழுக்கச் சொல்லி அனுப்பினாள். "யாருக்கும் ஒரு பைசா தர வாணா. வாங்க, வித்துக்குங்க, போங்க."

முதல் ஞாயிறே ரயிலில் இறங்கியவர்கள் கூட்டமாக நின்றுவிட்டார்கள். பூதிகோட்டையிலிருந்து மஞ்சுநாத் என்ற கன்னடக்காரன் பழைய மோட்டார் பம்புகளையும் மருந்தடிக்கும் மிஷின்களையும் டெம்போவில் கொண்டுவந்து அத்தனையும் விற்றான். "சூப்பர் அக்கா. அந்த ஆப் எல்லாம் இனி பேடா, வாணவே வாணா" என்று தலைக்கு மேல் கும்பிட்டான். யசோதராவின் மிக்ஸிகளும் போயின. பீரோவும் போய், புத்தர் மறுபடி தெரிந்தார்.

இரண்டாம் வாரம் வெயில் கொளுத்தியது. தன் காசில் பெரிய தார்ப்பாய் ஒன்றை வாங்கி, நான்கு மூங்கில் நட்டுக் கட்டினாள். அந்தச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதானே முறை. தலைக்குப் பத்து ரூபாய். அடுத்த வாரம் ஒருவர் விற்ற கிரைண்டர் சுற்றவில்லை என்று வாங்கினவர் அவள் வீட்டு வாசலில் வந்து கத்தினார். அவள் கையிலிருந்து பணத்தைக் கொடுத்து அனுப்பினாள். இனி அப்படி நேர்ந்தால் என்ன செய்வது. விற்றால் நூற்றுக்கு மூன்று. ரோட்டைப் பார்த்த முன்வரிசைக்கு எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். சண்டை வராமலிருக்க அதற்கு முப்பது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. யாராவது ஃபீஸ் என்று சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "அவன் எடுக்கிறது ஃபீஸு. நான் எடுக்கிறது செலவு."

ஒரு ஞாயிறு ஐடா தன் கணவர் ஹரோல்டின் ஷூக்களை ட்ரங்குப் பெட்டியில் கொண்டுவந்தார். நான்கு ஜோடி, முகம் தெரிகிற பளபளப்பு. முன்வரிசையில் ஓரமாக ஓர் இடம் காலியாக இருந்தது.

"முன்னாடி முப்பது ரூபா ஆண்ட்டி" என்றாள் யசோதரா.

"எனக்குமா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். உங்களுக்கு வுட்டா நாளைக்குப் பின்வரிசை பார்வதம்மா கேப்பாங்க."

"நெவர் மைண்ட், மா" என்று சொல்லிவிட்டு, ஐடா ட்ரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். அதற்குப் பின்னால் குப்பைமேடு. ஷூவைப் பார்க்கக் குனிகிற யாரும் அதுவரை வரவில்லை. யசோதரா எழுந்து போய்க் கூட்டிவரலாமென்று இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் யாரோ வந்து விலை கேட்டார்கள். சாயங்காலம் ஐடா ஷூக்களைச் செய்தித்தாளில் சுற்றி, வந்தபடியே உள்ளே வைத்தார்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் ஆண்ட்டி."

"யெஸ் யெஸ். நீ ரொம்ப பிஸி ஆயிட்ட, யசோ."

வீட்டுக்கு வந்ததும் டீயில் சர்க்கரை போடவில்லை என்று தேவாவிடம் சண்டை பிடித்தாள். சர்க்கரை போட்டிருந்தது.

இதற்கிடையே மஞ்சுநாத் ஒரு காரியம் செய்தான். பின்வரிசையில் ஒரே ஒரு பம்பை வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற டெம்போவிலேயே வைத்துக்கொண்டான். விலை கேட்டவர்களை அங்கே அழைத்துப் போய் விற்றான். அங்கே விற்றதற்கு நூற்றுக்கு மூன்று கிடையாதல்லவா. யசோதரா ஒருநாள் பின்னாலேயே போய்ப் பிடித்துவிட்டாள்.

"ஆள இங்க புடிச்சிட்டு வியாபாரத்த அங்க பண்றியா?"

"ரோடு யாருது அக்கா? நீங்க உக்காந்திருக்கிற ஜாகாவே கம்பெனிது."

"தார்ப்பாய் என்னுது. கூட்டம் என்னால வருது. என்னை நம்பி இங்க இத்தினி பேரு வராங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு மாசம் நீ இந்தப் பக்கம் வராத."

பக்கத்தில் நின்றிருந்த ஐடா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா ஆண்ட்டி?"

"நத்திங், மா."

மஞ்சுநாத் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னுடைய ஒற்றைப் பம்பைத் தூக்கிக்கொண்டான். மறு கையில், யாரும் கேட்காமலேயே, ஐடாவின் ட்ரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். ஐடா பெட்டியைப் பார்த்தார், யசோதராவைப் பார்த்தார், பெட்டியின் பின்னால் போனார். அன்று பகலுக்குள் மூன்று ஜோடி விற்றுப்போனது. அடுத்த ஞாயிறு பார்வதம்மா அந்தப் பக்கம் போனாள். அதற்கடுத்த ஞாயிறு கிட்டத்தட்ட எல்லோரும். இந்தப் பக்கம் தார்ப்பாயின் அகலமான நிழலில் யசோதரா மட்டும் புதிதாக வந்த இரண்டு மிக்ஸியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே ஆப்பிலிருந்தும் செய்தி வந்தது. தண்டனைக் காலம் முடிந்தது, மீண்டும் வருக, முதல் மாதம் கட்டணம் கிடையாது. "மொதல் மாசம் சும்மாவாம். எனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டே, பொருளை நிறுத்திப் படம் பிடிக்கிற பச்சைச் சுவரில் ஒட்டடை அடித்தாள்.

எதிர்ப்பக்கத்தில் மரம் இல்லை. வெயில் தாங்காமல் மஞ்சுநாத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அக்கா, அந்த தார்ப்பாய் சும்மாத்தானே கீது." சும்மா இருக்கிற பொருளுக்கும் வாடகை உண்டு என்பது யசோதராவுக்குத் தெரியும். ஒரு மணிநேரம் பேரம் பேசி, அவன் கேட்டதற்கு இரண்டு பங்கு வாங்கினாள். தேவா மூங்கில்களைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டார். போகிறபோது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. கேட்டால் வெயில் என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை யசோதராவும் ரோட்டைக் கடந்து போனாள். எத்தனை நாள்தான் ஆளில்லாத இடத்தில் உட்காருவது. முக்காலியையும் மிக்ஸிகளையும் இறக்கிவைத்ததும் மஞ்சுநாத் மரியாதையாக வந்து நின்றான்.

"நிழலுக்கு இருபது ரூபா அக்கா."

"யாருகிட்ட கேக்குற? தார்ப்பாயே என்னுதுடா."

"ஹௌதக்கா, உங்களுதுதான். உங்களுக்கு வாடகை குடுக்கணுமே, அதுக்குத்தான் எல்லார்கிட்டயும் வாங்குறேன். உங்கள மட்டும் வுட்டா பார்வதம்மா கேப்பாங்க."

நிழலுக்குள் இருந்தவர்கள் அவரவர் பொருளைத் துடைக்க ஆரம்பித்தார்கள். கடைசி ஜோடி ஷூவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐடா, பக்கத்தில் இருந்த ட்ரங்குப் பெட்டியை நகர்த்தி இடம் பண்ணினார். "உள்ள வா, யசோ. நான் குடுக்கறேன்."

"இருக்கட்டும் ஆண்ட்டி. எனக்கு வெயில் ஒத்துக்கும்" என்றாள் யசோதரா. முக்காலியை நிழலின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே போட்டு, மிக்ஸிகளையும் அதே கோட்டில் அடுக்கிவைத்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணி வாக்கில் ஒருவர் மிக்ஸி விலை கேட்டார். சொன்னாள். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெயில் நகர்ந்து, தார்ப்பாயின் நிழல் மெல்ல ஊர்ந்து வந்து அவள் கால் விரலைத் தொட்டது. "ஒரு நிமிசம் இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து, முக்காலியை இன்னொரு சாண் பின்னால் இழுத்துப் போட்டாள்.