தீவுக்குப் போக என்னை விசாரித்த கதை

திருவண்ணாமலையில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன் என்று வெளியூரில் சொன்னால் சிரிக்கிறார்கள். வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதற்கென்றே ஜனங்கள் வருகிற ஊரில் யாருக்கு விற்கிறாய் என்று கேட்கிறார்கள். பௌர்ணமி அன்று கோபுர வாசலில் எத்தனை ஜோடி கழற்றி விடப்படுகிறது, திரும்பி வரும்போது அதில் எத்தனை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் தொலைத்தவர்கள் எல்லாம் என் கடைக்குத்தான் வருவார்கள். எடுக்கிறவன் எவன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சிலர் என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டுதான் சைஸ் சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள அவன் செருப்பைப் பார்த்தால் போதும் என்பது. எங்கள் ஜமாத்தில் யார் வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளையை விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் போவேன். பள்ளிவாசலுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, பையன் கழற்றி விட்ட செருப்பைப் பார்ப்பேன். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அவசரக்காரன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தால் சோம்பேறி. பிறகு டீக்கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவேன். நான் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் ஜவுளி எடுக்கவே போவார்கள்.

அப்பேர்ப்பட்ட என் வீட்டில்தான் அது நடந்தது. கொச்சியில் நர்ஸாக இருந்த என் ஒரே மகள், ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பையன் லட்சத்தீவுக்காரன், அங்கே பள்ளிக்கூட வாத்தியார். நம்ம ஆட்கள்தான், ஐந்து வேளை தொழுகிறவன், குணமானவன் என்று என்னென்னவோ சொன்னாள். நான் போய் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தத் தீவுக்குள் நினைத்தவுடன் போக முடியாது, அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று. டீக்கடையில் போய் உட்காரக்கூட முடியாத ஊரில் பெண்ணைக் கொடுப்பதா?

“விசாரிக்க முடியாத எடத்துக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். அந்த மண்ல கால் வெக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

கொச்சியில் நடந்த நிக்காவுக்கு என் மனைவியும் மச்சானும் போனார்கள். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆள் கடைக்கு வரவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் மகளோடு போனில் பேசினேன். மருமகனோடு பேசவில்லை. அவன் போனை வாங்கினால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

இந்த வருடம் சித்திரை பிறக்கும்போது அவளுக்கு எட்டாம் மாதம். இங்கே கூட்டி வரலாம் என்றால், ரத்த அழுத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, கப்பலும் கூடாது, விமானமும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் என் மகள் அழவில்லை. “அம்மாவ மட்டுமாவது அனுப்புங்க அத்தா” என்றாள். அந்த மட்டுமாவது என்ற வார்த்தை எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தது. மூன்றாம் நாள் என் மனைவியிடம், “ரெண்டு பேருக்கும் அனுமதிக்கு எழுதிப் போடலாம்” என்றேன். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கிருந்த பெண்மணிக்கு எல்லா விண்ணப்பமும் அத்துப்படி. என் விண்ணப்பத்துக்கு இரண்டு காகிதம் வேண்டும் என்றார். ஒன்று, நான் ஒழுங்கானவன் என்று என் ஊர் போலீஸ் தரும் சான்றிதழ். இரண்டாவது, இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று தீவுக்காரர் ஒருவர் எழுதித் தரும் கடிதம். அந்தத் தீவில் எனக்காகப் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள்? சம்பந்திதான். யார் பிள்ளையை விசாரிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேனோ, அதே ஆள்.

“அவர எவ்ளோ வருஷமா தெரியும் அங்கிள்?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

“அத அப்பறம் சொல்றேம்மா” என்றேன்.

“காலியா வுட்டா அனுப்ப முடியாது.”

“அப்ப மத்தத முடி. அதக் கடைசில பாத்துக்கலாம்.”

என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் நான் செய்த பிசகைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாகக் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துச் சரக்கு இறக்குகிறவன், சித்ரா பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் போய் போலீஸ் சான்றிதழுக்கு எழுதிப் போட்டேன். சித்ரா பௌர்ணமி என்றால் இந்த ஊரில் போலீஸ்காரர் என்று ஒருவர் ஸ்டேஷனில் இருக்க மாட்டார். அத்தனை பேரும் கிரிவலப் பாதையில் நிற்பார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து வேறு வருவார்கள். ஸ்டேஷனில் மிச்சமிருந்த ஒருவர், “உங்க ஏரியாவுக்கு ஒரு ஏட்டையா இருக்காரு. அவர் கையெழுத்து போட்டாதான் பாய், மேல போவும். பௌர்ணமி முடிஞ்சி, எல்லாரும் தூங்கி எழுந்து வரட்டும்” என்றார்.

கப்பலுக்கு டிக்கெட் கிடைத்திருந்ததோ அடுத்த வாரம். அதை விட்டால் கடல் கொந்தளிக்கும் காலம் வந்துவிடும், குழந்தையும் வந்துவிடும். “ஏட்டையா எங்க நிக்கறாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றேன். “அடி அண்ணாமலையில” என்றார்.

பௌர்ணமி அன்று காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். வண்டி எதுவும் விட மாட்டார்கள், நடைதான். தொப்பி போட்டு, கையில் காகிதக் கவரோடு, காலில் என் கடையின் நல்ல சரக்கு ஒன்றோடு கூட்டத்தில் கலந்தேன். நாலாபுறமும் வெறுங்கால்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் பொங்கலும் ஒரு இடத்தில் நீர்மோரும் கையில் திணித்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அடி அண்ணாமலையில் போலீஸ் பந்தல் போட்டிருந்தார்கள். பள்ளிவாசல் பழக்கத்தில் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அங்கிருந்த பெண் போலீஸ் வயர்லெஸ்ஸில் விசாரித்துச் சொன்னார்.

“அவரக் காலைல மாத்திட்டாங்க பாய். இப்ப செங்கம் ரோட்டுல ஆசிரமம் கிட்ட நிக்கறாரு. நீங்க அவரத் தாண்டிதான் வந்திருக்கீங்க.”

“அப்ப திரும்பிப் போறேன்.”

“திரும்பி எங்க போவீங்க? ஜனம் எப்பிடி வருது பாருங்க. எதுத்து நடந்தா நசுங்கிடுவீங்க. சுத்திகினுதான் போவணும்.”

வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. இரண்டு முறை பார்த்தேன். குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தேன். இத்தனை வருடம் அடுத்தவர் தொலைத்ததில் பிழைத்தவனுக்கு அன்றைக்குத்தான் அவர்கள் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்தது. புதிதாக வாங்கலாம் என்றால் கிரிவலப் பாதையில் எவன் செருப்பு விற்பான்?

சித்திரை வெயில் ஏற ஏறத் தார் ரோடு கொதித்தது. லாரியில் தண்ணீர் தெளித்த இடமாகப் பார்த்துத் தாண்டித் தாண்டி நடந்தேன். பக்கத்தில் வந்த ஒரு அம்மா, “மொத தடவையா பாய்? வெள்ளைக் கோட்டு மேல நடங்க, சூடு கம்மியா இருக்கும்” என்று வழி சொல்லிக் கொடுத்தார். ஆமாம் என்றேன். மலையை முழுக்கச் சுற்றி ஊருக்குள் வந்து, என் பூட்டிய கடையையே ஒரு பார்வை பார்த்துவிட்டு (சாவி வீட்டில்), மறுபடியும் செங்கம் ரோட்டில் ஏறினேன். ஆக மொத்தம் ஒன்றேகால் சுற்று.

ஏட்டையா ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். நான் பெயர் சொன்னதும், “அட, செருப்புக் கடை பாயா! உங்க விசாரணைய நான் முந்தாநாளே முடிச்சிட்டனே” என்றார்.

“எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலியே சார்?”

“உங்கள விசாரிக்கறத உங்ககிட்டயா கேப்பாங்க? உங்க கடைக்கு எதுத்த டீக்கடைல உக்காந்து ரெண்டு டீ சாப்ட்டேன். எல்லாம் சொன்னாங்க.”

அந்த முறை எனக்குத் தெரியும். அது என்னுடைய முறை.

“இன்னா சொன்னாங்க?”

“நல்ல மனுசன், வம்பு தும்பு இல்ல, கோவம் மட்டும் ஜாஸ்தின்னாங்க.” தர்பூசணி விதையைத் துப்பினார். “பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே போவலன்னும் சொன்னாங்க. அத நான் எழுதல. நிஜமா பாய்?”

வெயிலில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, “இப்ப போறேன் சார்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். குடையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு நிழல் கொடுத்தார். முழங்காலில் வைத்தே கையெழுத்துப் போட்டு, போனில் படம் பிடித்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். மறுநாள் என் மனைவியுடையதோடு என் சான்றிதழும் வந்துவிட்டது. என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

சம்பந்தியின் கடிதத்தை மகள் போனில் அனுப்பியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போனோம். இங்கிலீஷில் இருந்ததைக் கம்ப்யூட்டர் பெண்மணி படித்துச் சொன்னார். இவர் நடத்தைக்கு நான் முழுப் பொறுப்பு, என் வீட்டில்தான் தங்குவார் என்று எழுதியிருந்தாராம். இவரை எத்தனை வருடமாகத் தெரியும் என்ற இடத்தில் மூன்று வருடம் என்று போட்டிருந்தாராம். என்னை அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரையும் அனுப்பி என்னை விசாரிக்கவும் இல்லை. என் மகள் அந்த வீட்டுக்குள் போன நாளிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்.

“உங்க கட்டம் இன்னும் காலியா இருக்கு அங்கிள். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இன்னா போடட்டும்?”

“மூணு வருஷம்னே போடும்மா” என்றேன். என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அனுமதி வந்த அன்று மூட்டை கட்ட ஆரம்பித்தோம். செருப்புக் கடைக்காரன் வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போக முடியாது. மகளுக்குச் சைஸ் ஆறு, அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு? மருமகன் எண்ணை நானே அழைத்தேன். எடுத்தவன் பதறிப்போய் சலாம் சொன்னான்.

“உங்க கால் சைஸ் என்ன?” என்றேன்.

“கால் சைஸா?” என்று திரும்பக் கேட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

“ஒம்பது, மாமா. உப்பாவுக்கு எட்டு” என்றான். உப்பா என்றது அவன் அத்தாவை.

கொச்சியிலிருந்து கப்பல். என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் வழியெல்லாம் வாந்தி. தீவில் இறங்கியதும் ஒரு அதிகாரி அனுமதிக் காகிதத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குப் பொறுப்பேற்ற சம்பந்தி. அவருக்குப் பின்னால் என் மகள், நிறை வயிறாக, வேலியோரத்தில் நின்றிருந்தாள்.

பழக்க தோஷம், நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். அவள் பாதம் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஆறு எப்படிப் போதும்? அவள் காலில் பெரிய ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. பார்த்தவுடன் சொல்வேன், ஒன்பது. குதிகால் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் மருமகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுப்பகல் வெயிலில், கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நின்றிருந்தான். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டியைச் சம்பந்தியிடமிருந்து திரும்ப வாங்கி அங்கேயே மணலில் வைத்துத் திறந்தேன். ஒன்பதை எடுத்து அவன் காலடியில் போட்டேன்.

“போட்டுக்கோ மாப்ள. சுடுது” என்றேன்.