கமரா இல்லாத லெப்டொப்

பெட்டியை உடைத்ததும் நான் முதலில் பார்த்தது திரையின் மேல்விளிம்பைத்தான். தங்கச்சியின் லெப்டொப்பில் அந்த இடத்தில் மிளகளவில் ஒரு கமரா இருக்கும். என்னுடையதில் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். விரலால் தடவினேன், நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

தங்கச்சியும் பக்கத்தில் நின்றாள். அவள் நிற்காத இடம் எது? "ஐயோ ராத்தா, கமரா இல்லாத ஸ்க்ரீனெல்லுவா வந்திரிக்கி" என்றாள். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் துடைத்தது போலிருந்தது எனக்கு அவளுடைய பரிதாபம்.

நாட்டில் சண்டை முடிந்து, கல்முனை ரோட்டில் சோதனைச் சாவடிகள் குறைந்துகொண்டு வந்த காலம் அது. சுனாமியில் உடைந்த எங்கள் வீடுகள் இரண்டும் அதே வளவில் பக்கம் பக்கமாக மறுபடி எழும்பியிருந்தன. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். எங்களுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் வெளிநாட்டில்தான் குடியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு மாபிள் பதித்தாயிற்று, என் வீட்டில் சீமெந்துத் தரை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் புருஷன் கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் திரையில் வந்து தன் மகளைக் கொஞ்சுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னவர் ரியாத்துக்குப் போகும்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். நாற்பதாம் நாள் எடுத்த போட்டோவில் பார்த்ததோடு சரி. இப்போது அவள் நடக்கிறாள், கதைக்கிறாள்.

லெப்டொப் அனுப்பிய அவரைப் போனில் பிடித்துக்கொண்டேன். "நீங்க என்னத்தப் பாத்து வாங்கின?"

"கடைல வெளிய வெச்சிரிந்தத காட்டினான். உள்ளரிந்து வேற பெட்டியத் தந்திட்டான் போல. ஏர்போட்டால சீல் உடைக்காமக் கொண்டு போகணும் எண்டாங்க. நான் என்ன செய்ய?"

"தங்கச்சிட புருஷனுக்கு இப்பிடி நடக்கல்லயே?"

பெட்டியை ரியாத்திலிருந்து கொண்டுவந்து தந்த மருதமுனைக்காரர் லீவு முடிந்து திரும்பிப் போகும்வரை மாற்றவும் வழியில்லை. தனியாகப் பூட்டுகிற கமரா ஒன்றை டவுனில் வாங்கலாம் என்று தங்கச்சி சொன்னாள். அவளுடையதில் சேர்ந்தே இருக்கும், என்னுடையதில் மட்டும் ஒட்டுப்போட்டுத் தொங்குமா? வேண்டாம் என்றுவிட்டேன்.

அவருக்கு அங்கே கமரா இருந்தது. ஆகவே என் லெப்டொப்பில் நானும் மகளும் அவரைப் பார்ப்போம். அவருக்கு எங்கள் குரல் மட்டும்தான். பெருநாள் வந்ததும், "புள்ளைய ஒரு தடவையாவது காட்டு. தங்கச்சிட வீட்ட போ" என்று கெஞ்சினார். உம்மாவும் சேர்ந்துகொண்டார். போனேன்.

இரண்டு பிள்ளைகளுக்கும் உம்மா ஒரே துணியில் சட்டை தைப்பித்திருந்தார். தங்கச்சியின் மகள் சில மாதம்தான் மூப்பு. வெள்ளை, கொழுகொழுவென்று கன்னம், யாரைக் கண்டாலும் சிரிப்பு. நான் அறைக்குள் என் மகளுக்குக் காப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் வெளியே ஹோலில் லைன் கிடைத்துவிட்டது.

"யா அல்லாஹ், என்ட மகளா இது!" அவருடைய குரல்தான். "மாஷா அல்லாஹ், எங்கட உம்மாட முகம் அப்பிடியே! சிரிக்கிறத்தப் பாரு! வாங்க தங்கம், வாப்பாக்கிட்ட வாங்க!"

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தங்கச்சியின் மகள் திரைக்கு முன்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதன் அழுது நான் பார்த்ததில்லை.

தங்கச்சி பதறிப்போனாள். "மச்சான், அது என்ட மகள். உங்கட மகள் இந்தா, ராத்தாட இடுப்புல."

என் மகளைத் திரைக்கு முன்னால் வைத்தேன். என்னைப் போலக் கறுப்பு, என்னைப் போல ஒல்லி. அத்தனை பேர் கூடி நின்றதில் மிரண்டு, மூக்கு ஒழுக அழுதாள். "ஓ... மாஷா அல்லாஹ்" என்றார் அவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சிரித்தார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் நடுவில் ஒரு தடவை அவருடைய பார்வை பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளையிடம் போய்விட்டு வந்தது. நான் கண்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டு மாபிளை நான் மிதிக்கவில்லை.

அடுத்த வெள்ளி என் லெப்டொப்பைத் திறந்தேன். "மருதமுனை ஆள் லீவு முடிஞ்சி வார கிழம இஞ்ச வாறாராம். லெப்டொப்பக் குடுத்து அனுப்பு, மாத்தித் தாறன்" என்றார் அவர்.

"வேணாம்."

"ஏன், கோவமா?"

"கோவமொண்டுமில்ல. உங்கட மகள் உங்களப் பாக்கிறாள். அது போதும்."

அவர் கமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "எங்க, மகள் பக்கத்துல இரிக்காவா?" என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கதிரையில் ஏறினாள். இரண்டு கையாலும் திரையைப் பிடித்தாள். அவருடைய கன்னத்தில் வாயை வைத்து அழுத்தி, எடுக்காமல் அப்படியே இருந்தாள். எச்சில் கண்ணாடியில் வழிந்தது.

"என்ன, சத்தத்தையே காணல்ல?" என்று கேட்டார் அவர். "லைன் கட்டாகிட்டா?"

"இல்ல, இரிக்கி" என்றேன். "கதைங்க."